காலையானால் மறந்துவிடும் பெட்டி

எங்கள் பனியன் கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்கள் சித்ரகலா அக்காவைப் பார்த்தால் திமிர் பிடித்தவர் என்றுதான் நினைப்பார்கள். பேக்கிங் செக்ஷனில் மற்ற எல்லாரும் நின்றுகொண்டு ஓடியாடி வேலை செய்ய, அவர் மட்டும் நாற்காலியில், முதுகை ஆணி அடித்தாற்போல நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார். யாராவது கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப மாட்டார், உடம்பு மொத்தமும் திரும்பும். திமிரெல்லாம் இல்லை. முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. குனிந்தால் வலிக்கும், நின்றால் அதைவிட வலிக்கும். பனியன் துணி வேஸ்டை அடைத்துத் தானே தைத்த ஒரு மெத்தையை முதுகுக்குக் கொடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும்தான் அவரால் ஒரு நாள் வேலையை முடிக்க முடியும்.

மூலனூர்ப் பக்கத்துக்காரர். கல்யாணமாகித் திருப்பூர் வந்த கையோடு ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தார். கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. பட்டறை ஓடினால் உண்டு, ஓடாவிட்டால் இல்லை. அதனால் சித்ரா அக்காவின் மிஷின் நிற்கவே கூடாது, நிற்கவும் இல்லை. வருஷக் கணக்காகக் குனிந்து தைத்துத் தைத்து, ஒருநாள் நூல்கண்டு எடுக்கக் குனிந்தவர் நிமிர முடியாமல் அப்படியே தரையில் சரிந்தார். இனிமேல் மிஷினில் உட்காரக் கூடாது, நிற்கிற வேலையும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பூரில் இந்த இரண்டையும் தள்ளினால் மிச்சம் என்ன வேலை இருக்கிறது? எங்கள் முதலாளி அர்த்தநாரிதான் அன்றைக்கு ஸ்டிக்கர் அடிக்கிற கம்ப்யூட்டரில் அவரை உட்கார வைத்தார். அந்த நல்லதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்டிக்கர் வேலை என்னவென்றால், ஒவ்வொரு அட்டைப்பெட்டியின் மேலும் எந்த சைஸ், என்ன கலர், எத்தனை பீஸ், எந்த நாட்டுக்கு என்று ஒரு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அது ஒட்டாமல் ஒரு பெட்டிகூட தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற லாரியில் ஏறாது. மாடியில் டாக்குமென்டேஷன் பார்க்கிற நான், ரைசா, அந்த விவரத்தைத் தயார் செய்து பேப்பரில் கீழே அனுப்புவேன். சித்ரா அக்கா அதைப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்துப் பிரின்டரில் எடுப்பார். எட்டாவதோடு நிறுத்தியவர், இரண்டு விரலால்தான் தட்டுவார். அவசரப்படுத்தினால் கோபம் வரும். "பொறு கண்ணு, கப்பல் என்ன எம்மேல வந்தா மோதப் போவுது?" என்பார்.

ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பெட்டி வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி. பிரின்ட் சர்வர் என்றார் அருள்குமார். அவிநாசியிலிருந்து பைக்கில் வந்து நாலைந்து கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறவர் அவர். கீழே இருக்கிற ஸ்டிக்கர் பிரின்டரை அந்தப் பெட்டியில் மாட்டி, பெட்டியிலிருந்து ஒரு வயரை மாடிக்கு இழுத்து, என் கம்ப்யூட்டரில் ஏதேதோ தட்டினார். அந்தக் கறுப்புப் பெட்டிக்கு ஒரு விலாச எண் உண்டாம். அதை என் கம்ப்யூட்டரில் சொல்லி வைத்துவிட்டால் நான் மேலிருந்து அனுப்புவது நேராகக் கீழே ஸ்டிக்கராக வந்துவிடும். நான் ஒரு தட்டுத் தட்டினேன். கீழே பிரின்டர் கரகரவென்று ஓடுகிற சத்தம் மாடி வரை கேட்டது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் படியிறங்கிப் போய்ப் பார்த்தேன். சித்ரா அக்கா கையைக் கீபோர்டுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, தானாக வெளியே வருகிற ஸ்டிக்கரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயந்தரமே முதலாளி அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "அம்மிணி, தீவாளி கழிஞ்சா நீ செக்கிங் டேபிளுக்குப் போயிரு. இங்க இனி ஆளு தேவைப்படாது."

செக்கிங் டேபிள் என்றால் தைத்து வந்த பனியனில் குறை பார்த்தபடி நாளெல்லாம் நிற்கிற வேலை. அது அவருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

"சேரிங்க மொதலாளி," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார் சித்ரா அக்கா. நான் கேட்டேன், "என்னக்கா, சேரின்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க? டேபிள்ல உங்களால நிக்க முடியுமா?" அவர் மெத்தையைத் தட்டிச் சரி செய்துகொண்டிருந்தார்.

மறுவாரம் ஆயுத பூஜை. எங்கள் கம்பெனியில் அது தீபாவளிக்கு ஒரு படி மேல். முதல் நாளே கம்ப்ரசர் காற்றடித்து ஒவ்வொரு மிஷினிலிருந்தும் பஞ்சை விரட்டி, துடைத்து, மாலை போட்டு வைப்போம். பேக்கிங் செக்ஷனில் பொட்டு வைப்பது எப்போதும் சித்ரா அக்கா கைதான். கைராசி என்று முதலாளியே பல வருஷத்துக்கு முன்னால் சொல்லிவிட்டார். துணிக்குள் சிக்கிய ஊசியைக் கண்டுபிடிக்கிற மிஷின், பெட்டிக்கு வார் கட்டுகிற மிஷின், தராசு, டேப் ஒட்டுகிற கருவி, சுவிட்ச் போர்டு, ஒன்று விடமாட்டார். நல்ல குழைவாகச் சந்தனத்தைத் தொட்டு அழுத்தி வைத்து, அதன் நடுவில் குங்குமம். மாடிக்கு வந்து என் கம்ப்யூட்டருக்கும் வைப்பார். "உனக்குத்தான் வெக்கக் கூடாது, இதுக்கு வெக்கலாமல்ல?" என்று ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி, ஒவ்வொரு வருஷமும் அதே சிரிப்பு. என் நெற்றியில் இல்லாத பொட்டு என் மானிட்டருக்கு உண்டு. அதை யாரும் துடைக்கக் கூடாது. தானாக உதிர்ந்தால் சரி, இல்லாவிட்டால் அடுத்த பூஜைக்குத்தான் துடைப்போம். அந்த வருஷமும் வந்து வைத்தார், அதே கேள்வியைக் கேட்டார். சிரிப்பு மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்தது.

லீவு முடிந்து கம்பெனி திறந்த காலையில் ஸ்டிக்கர் அனுப்பினேன். கீழே சத்தமே இல்லை. திரையில் பிரின்டர் இணைப்பில் இல்லை என்று காட்டியது. திரும்ப அனுப்பினேன். அனுப்பியதெல்லாம் வரிசையில் நின்றதே தவிர ஒன்றும் நகரவில்லை. லாரி வாசலில் வந்து நின்றுவிட்டது. அருள்குமாருக்குப் போன் போட்டேன்.

வந்தவர் முதலில் வயரைப் பிடுங்கி மாட்டினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார், பெட்டியையும் அணைத்துப் போட்டார். நின்ற வரிசையை அழித்தார், பிரின்டரை என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தார். அப்புறம் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து பெட்டியின் எண்ணைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. கடைசியில்தான் கண்டுபிடித்தார்: பெட்டி அவர் கொடுத்த எண்ணை மறந்துவிட்டு, கடையிலிருந்து வந்தபோது இருந்த பழைய எண்ணுக்கே போய்விட்டது. நாங்கள் ஒரு விலாசத்தில் கதவைத் தட்டிக்கொண்டிருக்க, அது வேறு விலாசத்தில் குடியிருந்தது. எண்ணைத் திரும்பப் போட்டார். ஸ்டிக்கர் ஓடியது. லாரி அவசரத்தில், ஓடுகிறதை யாரும் மறுபடி அணைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மறுபடி மறந்திருந்தது. அருள்குமார் வந்தார், போட்டார், போனார். அதற்கு மறுநாளும் அப்படியே. வயரை மாற்றினார். பெட்டிக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினார். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். கரண்ட் போனாலும் யுபிஎஸ் தாங்கும். சாயந்தரம் யுபிஎஸ்ஸோடு சேர்த்து மெயினை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் மட்டும் எல்லாம் மறந்துபோகும், பாஸ்வேர்டு உட்பட. அருள்குமாருக்கே முகம் சுண்டிவிட்டது. முதலாளி பக்கத்தில் நிற்கும்போது தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"சார், இது தானா மறக்காதுங்க. பெட்டியில ஒரு பட்டன் இருக்குதுங்க. கரண்ட் வர்றப்ப அத அமுத்திப் புடிச்சாத்தான் இப்படி எல்லாம் அழியும். யாரோ அமுத்தறாங்க."

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் காலையில் முதலில் வருகிறவர் யார், சாவி யாரிடம், மெயினைப் போடுகிறவர் யார் என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெட்டி ஓடாவிட்டால் யாருக்கு லாபம் என்றும் தெரியும். மத்தியானத்துக்குள் சாப்பாட்டு இடத்தில் பேச்சு மாறிவிட்டது. சித்ரா அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் குரல் தணிந்தது. நேற்று வரை அவர் குழம்பில் கை வைத்தவர்கள்தான்.

முதலாளி பேக்கிங் செக்ஷன் கேமராவில் பதிந்ததைப் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். ஸ்டிக்கர் பிரச்சினை என்பதால் நானும் அறையில் இருந்தேன். திரையில் சித்ரா அக்கா கதவைத் திறந்து வருகிறார். மெயினைப் போடுகிறார். பிரின்டர் பக்கம் போய், மெதுவாக, மெதுவாகக் குனிகிறார். பெட்டி இருக்கிற இடத்தில் கை போகிறது. அவர் முதுகு மறைத்துக்கொண்டு, கை என்ன செய்கிறது என்று தெரியவில்லை. அப்புறம் நிமிர்கிறார்.

"ஏம்மிணி, காத்தால வந்ததும் அந்தப் பெட்டிகிட்ட என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்றதில்லீங்களே மொதலாளி. எல்லாத்தையும் தொட்டுக் கும்பிடுவனுங்க."

"தொட்டுக் கும்பிடறதுக்கு இத்தன நேரமா குனிவாங்க?"

"முதுகு குனிய மாட்டேங்குதுங்க. மெதுவாத்தானுங்க குனியோணும்."

முதலாளி திரையைப் பார்த்தாரே தவிர அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "மொதலாளி, நீங்க தினமும் காரெடுக்கறப்ப ஸ்டியரிங்கத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறதில்லீங்களா? அதையும் கேமராவுல பாத்தா காரைத் திருட வந்த ஆளாட்டத்தான் தெரியும்," என்றேன்.

"நீ மேல போ ரைசா. உனக்கு இதுல சோலியில்ல."

"மொதலாளி, புள்ளைங்க மேல சத்தியமா..." என்று ஆரம்பித்த சித்ரா அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டார். இதற்குப் போய்ப் பிள்ளைகளை இழுப்பதா என்று தோன்றியிருக்க வேண்டும். "நான் பண்ணலீங்க," என்றார், அவ்வளவுதான். முதலாளி அவரிடமிருந்து சாவியை வாங்கி மேசையில் வைத்தார். தீபாவளி வரை கூட இல்லை, நாளையிலிருந்தே டேபிளுக்குப் போகச் சொன்னார்.

மறுநாள் சாவி என் கைக்கு வந்தது. காலையில் நான்தான் கதவைத் திறந்தேன். பின்னாலேயே வந்த சித்ரா அக்கா தன் மெத்தையை நாற்காலியிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, செக்கிங் டேபிளில் போய் நின்றார். ஒரு கையால் டேபிள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே பனியனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் விளிம்பைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பேக்கிங்கில் இருக்கிற பீகார்ப் பையன்களில் ஒருவன் காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அவர் பக்கம் தள்ளி, "தீதி, பைட்டோ," என்று கையால் உட்காரச் சொன்னான். சூப்பர்வைசர் பார்ப்பார் என்று அவர் உட்காரவில்லை. இத்தனை நாள் கூட வேலை பார்த்த நம் ஆட்கள் யாருக்கும் இப்படியொரு காலிப் பெட்டியைத் தள்ளத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நான் மெயினைப் போட்டேன். ஒன்றையும் தொடவில்லை. எங்கள் ஊட்டில் மிஷினைக் கும்பிடுகிற பழக்கமும் கிடையாது. நேராக மாடிக்குப் போய் ஸ்டிக்கர் அனுப்பினேன்.

பிரின்டர் இணைப்பில் இல்லை.

அந்த எழுத்தைப் பார்த்து அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டதைப் போல வேறு யாரும் பட்டிருக்க மாட்டார்கள். முதலாளி அறைக் கதவைத் தட்டக்கூட இல்லை. "மொதலாளி, இன்னிக்குச் சாவி எங்கிட்ட. மெயினு நான் போட்டது. பெட்டி மறுபடி மறந்துருச்சு. என்னையும் டேபிளுக்கு அனுப்பிருங்க. இல்லாட்டி அந்தக் கேமராவப் போட்டு நான் எங்க தொட்டேன்னு காட்டுங்க," என்றேன். குரல் எவ்வளவு உயர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. கீழே மிஷின்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்களாம்.

முதலாளி கேமராவைப் போடவில்லை. எழுந்து என்னோடு கீழே வந்தார். அருள்குமாரும் வந்து சேர்ந்தார். இந்த முறை அவர் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பெட்டியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தில், சரியாக நடுவில், குண்டுமணி அளவுக்கு அந்தப் பட்டன். அதை விரலால் அமுக்கினார். உள்ளே போகவில்லை. அது ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது. அதன் மேலே, சுற்றிலும், சிமெண்டுப் பூச்சைப் போல இறுகிக் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

எங்கள் கம்பெனியில் பொட்டு இல்லாத பொருளே கிடையாது. அதனால் அத்தனை நாளும் அதைப் பார்த்த ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அருள்குமார் சட்டையிலிருந்து ஊக்கு ஒன்றை எடுத்துச் சுரண்டினார். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பட்டன் டக்கென்று வெளியே வந்தது. அந்தச் சின்னச் சத்தம் அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"அமுத்திப் புடிச்சுட்டே இருந்துருக்குதுங்க சார்," என்றார் அருள்குமார். "தினமும் மெயினப் போடறப்ப எல்லாத்தையும் அழிச்சுக்குது." கம்ப்யூட்டர் ஆட்களுக்கு எந்த நோய்க்கும் முதல் மருந்து அணைத்துப் போடுவதுதான். இந்தப் பெட்டிக்கு அதுவே நோயாகிவிட்டது.

பொட்டு வைத்தது யார் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் செக்கிங் டேபிளைத் திரும்பிப் பார்த்தார்கள். சித்ரா அக்கா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நடந்து வந்தார். பெட்டியைப் பார்த்தார், கீழே உதிர்ந்த சந்தனத்தைப் பார்த்தார்.

"நாந்தானுங்க வெச்சேன்," என்றார். "அதுல பட்டன் இருக்கறது தெரியாதுங்க. பொட்டு வெக்கற எடமாட்டத் தெரிஞ்சுதுங்க."

"இது உன்ற வேலையப் புடுங்க வந்ததுன்னு தெரியுமல்ல உனக்கு?" என்று கேட்டார் முதலாளி. மிரட்டுவதற்குக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"தெரியுமுங்க. நீங்கதானுங்களே சொன்னீங்க." சித்ரா அக்கா கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்கோசரம் அதுக்கு மட்டும் வெக்காம உட முடியுங்களா? எல்லாத்துக்கும் வெச்சுட்டு இத மட்டும் உட்டா, அது நல்லா ஓடக் கூடாதுன்னு நான் நெனச்சாப்புல ஆயிருமல்லங்க?"

சாப்பாட்டு இடத்தில் குரல் தணித்துப் பேசியவர்களெல்லாம் பனியன் மடிப்பதில் மும்முரமாகிவிட்டார்கள். அருள்குமார் எண்ணைப் போட்டார். மாடிக்கு ஓடிப்போய் நான் அனுப்பினேன். ஸ்டிக்கர் ஓடியது. அதற்கு மறுநாளும் ஓடியது. அன்றிலிருந்து பெட்டி ஒன்றையும் மறக்கவில்லை.

முதலாளி மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்று மத்தியானமே அவரைப் பிரின்டர் பக்கத்துப் பழைய நாற்காலிக்கே போய் உட்காரச் சொன்னார். தீபாவளி போனது, பொங்கலும் போனது, செக்கிங் டேபிள் பேச்சை அவர் எடுக்கவில்லை. சித்ரா அக்காவுக்கு இப்போது தட்டுகிற வேலை குறைவு. வருகிற ஸ்டிக்கரைக் கிழித்துச் சரிபார்த்துப் பெட்டிவாரியாக அடுக்கிக் கொடுக்கிறார். அந்த இடம் இரக்கத்தில் நிற்கவில்லை, வெட்கத்தில் நிற்கிறது என்பது என் கட்சி. வெட்கம் எத்தனை நாள் தாங்கும் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மெத்தையை மட்டும் அவர் இப்போது நாற்காலியில் விட்டுவிட்டுப் போவதில்லை. சாயந்தரமானால் பையில் போட்டு ஊட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார்.

சாவியையும் அவர் திரும்ப வாங்கவில்லை. முதலாளி நீட்டினார். "வேண்டாமுங்க. மெயின மட்டும் இனி வேற யாராச்சும் போடட்டுமுங்க," என்று சொல்லிவிட்டார். வாசலில் முதல் ஆளாக வந்து நிற்பார். கதவு திறந்து விளக்கு எரிந்த பிறகே உள்ளே கால் வைப்பார். காலையில் எதையும் தொட்டுக் கும்பிடுவதும் இல்லை. கையை இரண்டையும் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் கோத்துக்கொண்டு தன் நாற்காலி வரை நடந்து வருவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேமராவைப் பிடுங்கி எறியலாம் போலிருக்கும்.

இந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. சந்தனக் கிண்ணத்தை அவரிடமே கொடுத்தோம். மறுக்கவில்லை. தராசுக்கு, டேப் ஒட்டுகிற கருவிக்கு, வார் கட்டுகிற மிஷினுக்கு, சுவிட்ச் போர்டுக்கு என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார். பிரின்டருக்கும் வைத்தார். பக்கத்திலிருந்த அந்தப் பெட்டியிடம் வந்ததும் நின்று, கிண்ணத்தைத் திரும்பி முதலாளியிடம் நீட்டினார்.

"இதுக்கு மட்டும் நீங்களே வெச்சிருங்க மொதலாளி."

முதலாளி சந்தனத்தை விரலில் எடுத்தார். குனிந்து பெட்டியைப் பார்த்தார். "எங்க வெக்கறது அம்மிணி?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றார் சித்ரா அக்கா. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஊசி கண்டுபிடிக்கிற மிஷினுக்குப் பொட்டு வைக்கப் போய்விட்டார். முதலாளி விரலை நீட்டியபடி அந்தப் பெட்டியின் முன்னாலேயே நின்றார். சந்தனம் அவர் விரலிலேயே காய்ந்துகொண்டிருந்தது.